ஒரு சிற்றேரியில் 24 மணி நேரம்: உயிரினப் பதிவு செய்த முறையும் அனுபவமும்

செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்தைச் சுற்றிச் சிறிதும் பெரிதுமாக எத்தனையோ ஏரிகள் இருக்கின்றன. அவற்றுள் சரணாலயமாக அறிவிக்கப்படாத, பறவை பார்ப்பவர்களும் அதிகம் எட்டிப் பார்க்காத ஒரு சிற்றேரியைத் தேர்ந்தெடுத்து, ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் அங்கே எத்தனை வகை உயிரினங்களைச் சான்றோடு பதிவு செய்ய முடியும் என்று நண்பர்கள் சிலர் சேர்ந்து பார்த்தோம். அருகிலேயே வேடந்தாங்கலும் கரிக்கிலியும் இருக்கும்போது இந்த ஏரி எதற்கு என்று பலர் கேட்டனர். அவ்விரண்டும் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்ட புகழ்பெற்ற இடங்கள். அங்கே பறவைக் கணக்கு பல்லாண்டுகளாக நடக்கிறது. ஆனால் சரணாலயத்துக்குள் இரவில் விளக்கு கட்டவோ, தண்ணீருக்குள் வலை விடவோ நினைத்தபடி முடியாது. அதற்கெல்லாம் வனத்துறையின் அனுமதி வேண்டும். ஊர் ஏரியில் ஊராட்சித் தலைவரிடமும் மீன்பாசிக் குத்தகைதாரரிடமும் முறையாகச் சொல்லி ஒப்புதல் பெற்றுவிட்டால், கரையிலிருந்து, மிகுநீர் வழியும் கலங்கல் வரை எந்நேரமும் நடமாடலாம். காவல் நிலையத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்து வைத்தோம். நள்ளிரவில் ஏரிக்கரையில் டார்ச்சோடு திரிபவர்கள் முன்கூட்டியே செய்துவிட வேண்டிய காரியம் இது.

‘பயோபிளிட்ஸ்’ என்ற பெயரில் இத்தகைய கணக்கெடுப்பு முதன்முதலாக 1996-இல், அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள கெனில்வொர்த் நீர்வாழ் தாவரத் தோட்டத்தில் நடந்தது. அப்போது ஏறத்தாழ ஆயிரம் வகை உயிரினங்கள் அடையாளம் காணப்பட்டன. அங்கே ஒவ்வொரு பிரிவுக்கும் தேர்ந்த இயற்கையாளர்கள் கூடியிருந்தார்கள். எங்களில் பறவை அறிந்தவர்கள் இருந்தனர், தாவரவியல் ஆசிரியர் ஒருவர் இருந்தார், மற்றவர்கள் ஆர்வலர்கள். ஆகவே ஆயிரத்தைப் பற்றிக் கனவு காணாமல், பார்த்ததை ஐயமின்றி நிறுவ வேண்டும் என்பதை மட்டும் குறிக்கோளாகக் கொண்டோம்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிக விவாதம் நடந்தது. பறவைக்காரர்கள் தை மாதத்தையே வலியுறுத்தினார்கள். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் அப்போது வருவதால் இரண்டும் ஒன்றாக முடியும் என்பது அவர்கள் வாதம். ஆனால் தையில் இரவுக் குளிர் கூடி அந்துப்பூச்சிகள் குறைந்துவிடும். கரையோரச் செடிகளில் பல பூத்து முடிந்து காயத் தொடங்கியிருக்கும். ஐப்பசியில் பூச்சிகளும் தவளைகளும் மிகுதி. எனினும் வலசைப் பறவைகள் பாதிதான் வந்திருக்கும், மழையும் எந்நேரமும் கொட்டும். இரண்டுக்கும் நடுவே கார்த்திகைக் கடைசியில் அமாவாசையை ஒட்டி வரும் சனி, ஞாயிறு என்று முடிவு செய்தோம். பூச்சிகளை ஈர்க்க விளக்கொளியில் கட்டும் வெள்ளைத் திரைக்கு, நிலவொளி மிகுந்த இரவில் அவை குறைவாகவே வரும் என்பதால் அமாவாசை இதில் முக்கியம். தொடங்கும் நேரத்தைப் பிற்பகல் 3 மணி என்று வைத்தோம். அப்படி வைத்தால் மாலை அடைய வரும் பறவைகள், முழு இரவு, விடியற்காலை, வெயில் ஏறிய பின் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகள் ஆகிய நான்கும் இடையில் முறியாமல் கிடைக்கும். நள்ளிரவில் தொடங்கி நள்ளிரவில் முடித்தால் ஓர் இரவை இரண்டு துண்டாக்க நேரிடும், ஆட்களும் சோர்ந்துவிடுவார்கள்.

எதைக் கணக்கில் சேர்ப்பது என்பதை முன்பே எழுதி வைத்துக்கொண்டோம். ஏரியின் எல்லைக்குள் நின்றபடி கண்ட, கேட்ட காட்டுயிர் எதுவும் சேரும். தலைக்கு மேல் பறந்து செல்லும் பறவையும் சேரும். கரையில் நட்டு வளர்க்கும் தென்னையும் வயலில் நிற்கும் நெல்லும் சேரா. ஆனால் தானாக முளைத்துப் பரவிய சீமைக்கருவேலும் வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் சேரும். பாம்புச் சட்டை, கால்தடம், எச்சம் போன்ற தடயங்களைப் படமெடுத்து, இனம் தெளிவானால் சேர்த்துக்கொள்ளலாம். பறவைகளும் தவளைகளும் தவிர மற்றவற்றில் படம் இல்லாத எதுவும் பட்டியலில் ஏறாது. இந்தக் கடைசி விதி சிலருக்குக் கசந்தது. கீரி ஒன்று கலங்கலைத் தாண்டி ஓடியதை மூவர் பார்த்தும், மறுநாள் காலை இன்னொரு கீரி படத்தில் சிக்கும் வரை அதைச் சேர்க்கவில்லை. கணக்கு சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை, பின்னால் ஒருவர் கேட்டால் எடுத்துக் காட்டும்படி இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாகவே இருந்தேன்.

கருவிகள் பெரிதாக ஒன்றும் இல்லை. செல்பேசிகள், அவற்றில் மாட்டும் கிளிப் வகை மேக்ரோ லென்சுகள், நீள லென்ஸ் கொண்ட கேமரா, இருநோக்கிகள், தலையில் கட்டும் டார்ச்சுகள், ஒரு கைவலை, பெரிய டீ வடிகட்டி, வெள்ளை பிளாஸ்டிக் தட்டு, மீனை ஊற்றிப் படமெடுக்க ஒரு கண்ணாடிப் பெட்டி, அளவு காட்ட ஆறு அங்குல ஸ்கேல். தொடங்குமுன் எல்லா கேமராக்களாலும் ஒரே செல்பேசியின் கடிகாரத்தைப் படமெடுத்துக்கொண்டோம். கேமராக்களின் நேரம் ஒன்றுக்கொன்று முன்பின்னாக இருக்கும். இந்த ஒரு படம் இருந்தால் பின்னர் எல்லாவற்றையும் செல்பேசியின் இருப்பிடப் பதிவோடு பொருத்திவிடலாம்.

மாலையில் பறவைகளே ஆதிக்கம் செலுத்தின. நத்தைக்குத்தி நாரை, அரிவாள் மூக்கன், வக்கா, பாம்புத்தாரா, நீலத்தாழைக்கோழி, இலைக்கோழி, முக்குளிப்பான், மீசை ஆலா என்று பட்டியல் விறுவிறுவென்று நீண்டு, இருட்டும் முன்பே ஏறக்குறைய நின்றும் போனது. மறுநாள் முழுவதும் சுற்றியும் பறவைப் பட்டியலில் மேலும் சேர்ந்தவை கொஞ்சமே. பறவை பார்த்துப் பழகியவர்கள் இத்தகைய கணக்கெடுப்பில் இறங்கும்போது, வராத ஒரு வாத்துக்காக மணிக்கணக்கில் கரையில் காத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் காலடியில் உள்ள புல்லைக் குனிந்து பார்த்தால் பத்து வகை கிடைக்கும். எண்ணிக்கையை உயர்த்துவது நடக்கும் தூரமோ காத்திருக்கும் நேரமோ அன்று. பார்க்கும் அளவையும் கருவியையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டே இருப்பதுதான் என்பது அன்று மாலையே தெளிவாகிவிட்டது.

செடிகொடிகள் இதற்கு நல்ல சான்று. கரையின் உச்சியில் நெருஞ்சி, மூக்கிரட்டை, தும்பை, துத்தி, குப்பைமேனி, நாயுருவி. சரிவில் ஆவாரை, நொச்சி, வேலிப்பருத்தி, கோவை, முடக்கத்தான். ஈரம் தொடங்கும் இடத்தில் கரிசலாங்கண்ணி, பொன்னாங்கண்ணி, பொடுதலை, நீர்ப்பிரம்மி, நீர்முள்ளி. தண்ணீருக்குள் அல்லி, ஆராக்கீரை என ஒவ்வோர் அடிக்கும் கூட்டம் மாறியது. கரையை நீளவாக்கில் நடப்பதைவிட, உச்சியிலிருந்து தண்ணீர் வரை குறுக்காக இறங்கினால் குறைந்த தூரத்தில் அதிக வகைகள் கிடைக்கின்றன. அவற்றைப் படமெடுக்கும் முறையைத் தாவரவியல் ஆசிரியர் வற்புறுத்திச் சொல்லிக் கொடுத்தார். முழுச்செடி, இலையின் மேற்புறம், அடிப்புறம், தண்டில் இலை சேரும் இடம், பூவின் முகமும் பக்கவாட்டும், காய் இருந்தால் காய். அழகான பூ ஒன்றை மட்டும் எடுத்து வந்தால் அடையாளம் பெரும்பாலும் பேரினத்தோடு (நெருங்கிய இனங்களின் தொகுதியோடு) நின்றுவிடும். புற்களும் கோரைகளும்தான் எல்லாரையும் மிரட்டின. தண்டை இரு விரல்களுக்கிடையே வைத்து உருட்டினால் கோரையின் மூன்று விளிம்புகள் தட்டித் தட்டி நிற்கும்; புல்லின் தண்டு வழுக்கிக்கொண்டு உருளும். இது தெரிந்த பிறகு பிரிப்பது எளிதாயிற்று. எனினும் புல்லில் இலை தண்டைத் தழுவும் மூட்டில் உள்ள மெல்லிய சவ்வையும், கோரையில் கதிரின் செதில் அடுக்கையும் நெருக்கத்தில் எடுக்காவிட்டால் எந்த வல்லுநராலும் பெயர் சொல்ல இயலாது.

நீருக்குள் இருப்பவற்றுக்கு டீ வடிகட்டியே போதுமானதாக இருந்தது. வேர்களும் பாசியும் அடர்ந்த ஓரத்தில் ஒருமுறை அள்ளி, சிறிது தண்ணீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் கொட்டிவிட்டுச் சற்று அசையாமல் காத்திருக்க வேண்டும். முதலில் வெறும் குப்பையாகத் தெரிவது மெல்ல நடக்கத் தொடங்கும். வாலில் மூச்சுக்குழல் நீண்ட நீர்த்தேள், குச்சியென்றே எண்ணத்தக்க நீர்க்குச்சிப் பூச்சி, தும்பிகளின் இளம்பருவங்கள், கட்டைவிரல் நகத்தளவு நத்தைகள், இறால் குஞ்சுகள் என ஒரு தட்டிலேயே பல கிடைத்தன. பழுப்பு நிறமான தட்டை நீர்ப்பூச்சி ஒன்றின் முதுகில் வெளிறிய மணிகள் நெருக்கமாக நட்டு வைத்தாற்போல் நின்றன. அவை முட்டைகள், சுமந்திருந்தது ஆண். இந்தக் குடும்பத்தில் பெண் பூச்சி ஆணின் முதுகில் முட்டைகளை ஒட்டிவிட்டுப் போய்விடும். பொரியும் வரை ஆண் அவற்றை அவ்வப்போது நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து காற்றுக் காட்டிப் பேணும். படமெடுத்தவுடன் தட்டை அள்ளிய இடத்திலேயே கவிழ்த்தோம்.

இரவுத் திரைக்குக் கரையில்லாத எட்டு முழ வேட்டி இரண்டைப் பனைமரத்துக்கும் ஒரு மூங்கிலுக்கும் இடையில் கட்டினோம். தரையிலும் ஒன்றை விரித்தோம். விளக்கு 160 வாட் பாதரச ஆவி பல்பு. இந்த வகைக்குத் தனியாகச் சோக் தேவையில்லை, சாதாரண ஹோல்டரில் மாட்டினால் எரியும். வயல் மோட்டார்க் கொட்டகையில் மின்சாரம் இருந்தாலும் அது விவசாயத்துக்கு மட்டும் தரப்படுவது. ஆகவே ஊரிலுள்ள சவுண்டு சர்வீஸ் கடையில் சிறு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து, அதன் இரைச்சல் தவளை ஒலிப்பதிவைக் கெடுக்காதபடி கரையின் மறுபுறம் வைத்து நீள ஒயர் இழுத்தோம். இந்த பல்பில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒருமுறை அணைந்தால் சூடு ஆறிய பிறகே மறுபடி எரியும் என்பதால் இடையில் அணைக்கக் கூடாது. எரிந்து கொதிக்கும் கண்ணாடியில் மழைத்துளி பட்டால் வெடிக்கக் கூடும் என்பதால் மேலே ஒரு குடையைக் கட்டி வைக்க வேண்டும்.

இருட்டியவுடன் சிறு அந்துப்பூச்சிகளும் நீர்வண்டுகளும் பிள்ளைப்பூச்சிகளும் குவிந்தன. அவற்றோடு எறும்பைப் போன்ற உடலில் கருப்பும் செம்மஞ்சளும் மாறி மாறி அமைந்த சிறு வண்டுகளும் வந்தன. பேடரஸ் எனப்படும் இவை கடிப்பதில்லை; ஆனால் கழுத்தில் ஊர்வதைக் கையால் அடித்து நசுக்கினால், உடலிலுள்ள நச்சுநீர் பட்டு மறுநாள் தோல் வெந்து கொப்பளிக்கும். ஊதித் தள்ளிவிட வேண்டும் என்று எல்லாரிடமும் சொல்லி, முழுக்கைச் சட்டையும் அணிந்திருந்ததால் யாருக்கும் தொல்லை நேரவில்லை. நள்ளிரவுக்குப் பின் வருபவை வேறு கூட்டம். அரளி இலையைத் தின்று வளரும் பச்சைப் பருந்து அந்துப்பூச்சி அப்போதுதான் வந்து வேட்டியில் அமர்ந்தது. முன்னிரவிலேயே விளக்கை அணைத்துவிட்டுப் போகிறவர்கள் பாதியை இழப்பார்கள். அந்துப்பூச்சிகளை நேர்மேலிருந்து, இறகுகளின் கோடுகள் எல்லாம் தெளியும்படி எடுத்தால் போதும். ஆனால் வேட்டியின் வெண்மையால் கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும் என்பதால் வெளிச்ச அளவைச் சற்று ஏற்றி வைக்க வேண்டியிருந்தது.

திரையருகே ஒருவரை நிறுத்திவிட்டு மற்றவர்கள் தலை டார்ச்சோடு கரையில் நடந்தோம். டார்ச்சைக் கையில் பிடிக்காமல் நெற்றியில், கண்ணுக்கு நேராகக் கட்டிக்கொண்டால்தான் ஓநாய்ச் சிலந்திகளின் கண்கள் ஒளியைத் திருப்பித் தரும். புல்லில் பச்சையும் நீலமுமாய் மின்னிய புள்ளிகளைப் பனித்துளி என்று எண்ணிவிடலாம். பக்கத்தில் போய்த் தலையை அசைத்தாலும் மறையாதது சிலந்தி. தவளைகளில் படத்தைவிட ஒலியே நம்பத்தக்கது. செல்பேசியைத் தரையில் வைத்து ஒரு நிமிடம் பேச்சின்றி ஒலிப்பதிவு செய்து, முடிவில் இடத்தையும் நேரத்தையும் நாமே சொல்லி நிறுத்தினோம். கண்ணாடி விரியன் நடமாடும் நிலம் என்பதால் இரவில் அனைவரும் பூட்ஸ் அணிந்தோம். புதருக்குள் கை விடுவதில்லை என்ற விதியை யாரும் மீறவில்லை.

விடியலில், பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியின் ஒலி அறியும் வசதியைத் திறந்து வைத்திருந்தோம். அது காட்டும் பெயரைக் குறிப்பாக மட்டுமே கொள்ள வேண்டும். வல்லூறு என்று அது காட்டியபோது மின்கம்பியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது கரிச்சான். வல்லூற்றின் குரலைப் போலச் செய்வது அதன் வழக்கம். இப்படிப்பட்ட மிமிக்ரி கலைஞர்கள் இருக்கும் இடத்தில் செயலியை மட்டும் நம்பிப் பட்டியல் எழுத முடியாது.

காலையில் மீன்பிடிப்பவர்கள் வலையை இழுத்துக் கரைக்கு வந்ததும், அவர்களிடம் கேட்டுச் சிலவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் ஊற்றிப் பக்கவாட்டில் படமெடுத்தோம். குறவை, விரால், கெளுத்தி, அயிரை, 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று எல்லா ஏரிகளிலும் பெருகிவிட்ட ஜிலேபி. எங்கள் கைவலையில் ஏன் உளுவை அகப்படவில்லை என்று கேட்டதற்குப் பெரியவர் ஒருவர், “தம்பி, அது தரையோட ஒட்டிக்கிட்டுக் கெடக்கிற மீனு. நீங்க மேலாக்க அலசுனா எப்படி மாட்டும்?” என்று சொல்லி, மதகடி மணலில் வலையை அழுத்தி இழுக்கும் விதத்தைக் காட்டிக் கொடுத்தார். அவர் சொன்னபடி செய்ததும் உளுவை கிடைத்தது. அவருடைய வலையில் பாலாமை ஒன்றும் சிக்கியிருந்தது. நாங்கள் வாய் திறக்கும் முன்பே அதைத் தண்ணீரில் விட எடுத்துப் போனார். போகும் வழியில் ஒரு படம் எடுத்துக்கொண்டோம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் அது. அதனால் அதன் இருப்பிடம் பொதுவெளியில் துல்லியமாகத் தெரியாதபடி மறைத்தே பதிவேற்றினோம்.

வெயில் ஏறியதும் வண்ணத்துப்பூச்சிகளைத் துரத்துவதை விட்டுவிட்டு, முதல் நாள் குறித்து வைத்திருந்த செடிகளைத் தேடிப் போனோம். எருக்கில் வெந்தய வரியனின் புழு, ஆடுதீண்டாப்பாளையில் ரோஜா அழகியின் புழு, நீர்முள்ளி அருகே மயில் வசீகரன். பறக்கும் பூச்சியைக் காட்டிலும் இலையைத் தின்னும் புழு பொறுமையாக நின்று படம் கொடுக்கும். இலைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, புங்க மரத்தில் முசுறு எறும்புகளின் வரிசைக்குச் சற்றுத் தள்ளி ஒரு முசுறு தனியே திரிந்தது. லென்சில் பார்த்தால் அதற்குக் கால்கள் எட்டு. முன்னிரு கால்களைத் தலைக்கு மேல் தூக்கி உணர்கொம்புகளைப் போல ஆட்டிக்கொண்டிருந்தது. விரலை நீட்டியதும் நூல் விட்டுக் கீழே இறங்கியது, எறும்பு வேடமிட்ட அந்தச் சிலந்தி.

மாலை 3 மணிக்கு முடித்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. படங்களை உயிரினம்வாரியாகப் பிரித்து, பலரும் பார்த்து அடையாளம் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினோம். பறவைகளை மட்டும் எண்ணிக்கையோடு, பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் தளத்தில் தனிப் பட்டியல்களாகவும் இட்டோம். ஐநேச்சுரலிஸ்ட் தானாகப் பரிந்துரைக்கும் பெயரை அப்படியே ஏற்கக் கூடாது. சிறு பூச்சிகளுக்கு அது சில வேளைகளில் வேறு கண்டத்து இனத்தைக் கூடச் சொல்லும்; நம் பகுதியில் ஏற்கெனவே பதிவானவற்றை மட்டும் காட்டும்படி வைத்துக்கொண்டால் பிழை குறைகிறது. அடையாளம் சொல்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஓர் இனத்தில் ஒத்துப்போனால்தான் பதிவு ‘ஆய்வுத் தரம்’ பெறும். பறவைகளும் தும்பிகளும் விரைவில் அந்த நிலையை எட்டின. ஈக்களும் குளவிகளும் சிறு அந்துப்பூச்சிகளும் பேரினத்திலோ குடும்பத்திலோ நின்றன. அவற்றை எண்ணுவதற்கு ஒரு வழி வைத்துக்கொண்டோம். ஒரு பேரினத்தில் இனம் தெரிந்த பதிவு வேறெதுவும் இல்லையென்றால், பேரின அளவில் நிற்கும் பதிவை ஒன்றாகக் கொள்வது, இருந்தால் விட்டுவிடுவது.

இப்படிக் கறாராகக் கழித்த பிறகும் பட்டியல் 300-ஐத் தாண்டி நிற்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செடிகொடிகள். அடுத்த பெரிய பங்கு விளக்குத் திரைக்கு வந்தவை. எல்லாரும் ஏரியோடு சேர்த்து நினைக்கும் பறவைகள் ஐந்தில் ஒரு பங்குதான்.

பட்டியலைத் தமிழ்ப் பெயர், அறிவியல் பெயர், கண்ட இடம் ஆகியவற்றோடு அச்சிட்டு, ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடம் கொடுத்திருக்கிறோம். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் அத்தகைய குழு இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை எழுதி வைப்பது அதன் பொறுப்பு. மீன்களுக்கும் கீரைகளுக்கும் ஊரார் சொன்ன பெயர்களும் பயன்களும் அச்சில் விடுபட்டிருந்தன. குழு உறுப்பினர்கள் கையால் எழுதிச் சேர்த்து வருகிறார்கள். வௌவால்கள், மண்ணுக்குள் வாழ்பவை, பாசிகள் ஆகியவற்றை நாங்கள் தொடவே இல்லை. அடுத்த சுற்றைக் கோடையில், தண்ணீர் மதகுக்குக் கீழே இறங்கிச் சேறு வெடித்திருக்கும் நேரத்தில் வைக்கலாம் என்றிருக்கிறோம்; அதற்குள் வௌவாலின் ஒலியைப் பதிவு செய்யும் கருவி ஒன்றை எங்கிருந்தாவது இரவல் வாங்க வேண்டும்.